தோள் அளவு

"வழிய விடுங்க!"

கசில்தா கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு ஓடினாள். ஆன்டிகுவா நகரத்துக் கல் தெருவில், பெரிய வெள்ளி ஊர்வலத்தின் நடுவே, இயேசுவின் சப்பரம் இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அங்கே தோள் கொடுத்திருந்தவன் அவள் புருஷன் எவரிஸ்தோ.

அவள் போய்ச் சேர்வதற்குள் அவன் முழங்கால் மடங்கியது. ஊர்வலத்துக்காகத் தெருவில் போட்டிருந்த வண்ண மரத்தூள் கோலத்தின் மேல் குப்புற விழுந்தான். மற்றவர்கள் பல்லைக் கடித்துச் சுமையைத் தாங்கி, முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள்.

சப்பரம் தூக்குவோர் சங்கத்தின் தலைவர் ஃபிலிபெர்தோ பாய்ந்து வந்தார். இப்போதெல்லாம் அவர் தோள் கொடுப்பதில்லை. முன்னால் நடந்து அதட்டுவதோடு சரி.

"குடிச்சிட்டு வந்து சாமியத் தூக்குறியாடா, நாயே?"

"மோந்து பாருங்க தலைவரே!" கசில்தா புருஷனைத் தூக்கி உட்காரவைத்தாள். அவனுடைய ஊதா அங்கியின் கையைப் பிடித்துக் கிழித்தே விட்டாள். உள்ளே இருந்தது கையா, குச்சியா?

ஒருவன் சிரித்தான். "வீட்ல ரொட்டி சுடுறதில்லையா அக்கா?"

கசில்தா அவனை முறைத்தாள். தோள் உயரம் பார்த்துத்தான் சப்பரத்தில் இடம் கொடுப்பார்கள். இந்த வருடம் அளவெடுத்தபோதே எவரிஸ்தோவின் தோள் இறங்கியிருந்தது. ஏன் என்று ஒருவனாவது கேட்டானா? 'கிழவனாயிட்டியா மாப்ளே' என்று கேலிதான் செய்தார்கள்.

"சுட்ட ரொட்டி அப்படியே காயுதுடா! இவருக்கு ராத்திரி தூக்கமில்ல, பகல்ல எந்திரிக்கறதில்ல. மனச்சோர்வுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சாப்பாடும் நடமாட்டமும் போனா தசை கரையும். தசை கரைஞ்சா எந்திரிக்கத் தெம்பிருக்காது, மனசு இன்னும் முங்கும்னாங்க."

"வீடிருக்கு, வேலையிருக்கு, நீயிருக்கே. இவனுக்கென்ன சோகம்?" என்றார் தலைவர்.

"பல்வலிக்கும் இப்படித்தான் காரணம் கேப்பீங்களா? 'ஆம்பளையா இரு, வந்து தூக்கு, எல்லாம் சரியாப் போகும்'னு படுக்கையிலேருந்து இழுத்துட்டு வந்ததே நீங்கதானே! இது சோம்பேறித்தனமில்ல, நோய். இதுக்கு மருந்து வேணும், சோறு வேணும், உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமா அசைக்கணும், பக்கத்துல ஆள் இருக்கணும். நீங்க திட்டித் திட்டியே மனுஷனைக் கொல்லுறீங்க!"

தலைவரின் முகம் சிவந்தது. "போதும்டி, நகரு! அவன் இடத்துல நானே தோள் கொடுக்கறேன்."

குனிந்து சப்பரக் கட்டைக்கு அடியில் புகுந்தார். தூக்கச் சொல்லி மணி அடித்தது. சப்பரம் எழும்பியது. கட்டை அழுத்திய அழுத்தில் அவர் அங்கிக்குள்ளிருந்து ஏதோ நழுவிக் காலடியில் விழுந்தது. தோளை உயர்த்திக் காட்ட, நான்காக மடித்துத் தைத்து உள்ளே வைத்திருந்த துண்டு. பின்னாலேயே இன்னொன்று.

ஊதா அங்கி, ஆணியில் மாட்டியதுபோல் அவர் எலும்பில் தொங்கியது.  நாலு பேர் ஓடிவந்து அவர் பங்குச் சுமையை வாங்கிக்கொண்டார்கள்.

கசில்தா துண்டுகளை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அந்த டாக்டரம்மா என்னிக்கு இருப்பாங்க?" மூச்சு வாங்கியது அவருக்கு. "ரெண்டு வருஷமா எனக்கும் இதேதாம்மா."