ஒன்பது நிமிடம் பழைய மேகம்

ரேடாரில் புயல் பார்க்க உட்காருகிறவர்கள் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், கண்ணுகளா. படத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு நேரம் போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் விட்டதுதான் என் தப்பு.

மே மாதம், ஓக்லஹோமாவின் மேற்குக் கோடி. என் வீட்டுக்காரர் டெல்மர், புயலைக் கண்ணால் பார்த்து வானிலை அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல பிக்கப் வண்டியில் வடக்கே போயிருந்தார். இருபது மைல் தள்ளி வீட்டில் நான், கணினி முன்னால், கையில் வயர்லெஸ்ஸோடு. பதினோரு வருஷமாக இதுதான் எங்கள் ஏற்பாடு. சுழற்காற்றை நான் நேரில் பார்த்ததே இல்லை. எனக்கு அது திரையில் சிவப்பும் பச்சையும் ஒட்டி நிற்கிற ஓர் இடம், அவ்வளவுதான்.

அன்று மேகத்தின் தென்மேற்கு மூலை தூண்டில் முள்ளாக வளைந்திருந்தது; சுழற்காற்று பிறக்கிற அடையாளம் அது.

"டெல்மர், தார் ரோட்டை விட்டு மண் ரோட்டுல தெற்கே எறங்கு. அது உனக்கு மேற்கே எட்டு மைல்ல இருக்கு, தாராளமா நேரமிருக்கு."

"செம்மண்ணு, ட்வைலா. மழையில வெண்ணெயாட்டம் கெடக்கு."

"டிராக்டர் ஓட்டுன ஆளு, சேத்துக்கு அழுவுறியே!"

"எறங்குறேன் தாயே, எறங்குறேன்."

அடுத்த படம் வரக் காத்திருந்தேன். முள் அசையவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றுகிறது போல என்று நினைத்து ஒரு வாய் காப்பி குடித்தேன். அப்புறம்தான் மூலையைப் பார்த்தேன். ஐந்து பன்னிரண்டு. அடுப்புக்கு மேலே கடிகாரத்தில் ஐந்து இருபத்தொன்று.

படம் உறைந்து கிடந்தது. மணிக்கு நாற்பது மைல் ஓடுகிற புயல், ஒன்பது நிமிடத்தில் ஆறு மைல் வந்திருக்கும். மிச்சம் இரண்டு.

"டெல்மர், அந்த மண் ரோட்டை விட்டு வெளியே வா! என் படம் பழசு! நான் சொன்னதை விடு, வானத்தைப் பாரு!"

"திருப்ப முடியாது, ரெண்டு பக்கமும் பள்ளம். பின்பக்கமாவே ஓட்டிட்டு வர்றேன்."

பேசுவதற்கு அழுத்தின பொத்தானிலிருந்து அவர் விரலை எடுக்கவில்லை. அவர் எடுக்காதவரை என் குரல் அங்கே போகாது. இஞ்சின் அலறுவதையும் சக்கரம் வழுக்குவதையும் கேட்டுக்கொண்டே கிடந்தேன். பிறகு இஞ்சின் அடங்கியது. எங்கோ பெரிய அருவி விழுகிற ஓசை. அருவி ஒரே இடத்தில் விழும். இது நெருங்கிக்கொண்டே விழுந்தது. நடுவே வேலிக் கம்பிகள் அறுபடும் கிணுகிணுப்பு.

"தார் ரோட்டுக்கு வந்துட்டேன்," என்றார் டெல்மர். குரல் தேவாலயத்தில் பேசுகிற மாதிரி தணிந்திருந்தது. "எனக்குத் தெக்கால கடக்குது. செம்மண்ணை உறிஞ்சி ரோஜா நிறமா நிக்குது. மேல மொத்த மேகமும் மெதுவா சுத்துது ட்வைலா, ஒரு ஊரே சுத்துற மாதிரி. இதுக்கு இவ்வளவு அழகு ஆகாது."

விரலை எடுத்தார்.

"அழகு இருக்கட்டும், அலுவலகத்துக்குச் சொன்னியா கிழவா?"

"ஐயோ!"

நானே சொன்னேன். சொல்லி முடிக்கும்போது படம் உயிர் பெற்றது. முள்ளின் நடுவில் ஒரு நீலப் பொட்டு: மண்ணும் மரமும் மேலே பறக்கிற இடம். நான் இறங்கச் சொன்ன மண் ரோட்டின் மேல் அது உட்கார்ந்திருந்தது.

கணினியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். கோதுமைக்கு மேலே, வடவானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அந்த மேகம் வெயிலில் வெள்ளை வெளேரென்று நின்றது. அதன் காலடியிலிருந்து ஒரு மனிதன் பின்பக்கமாக வண்டி ஓட்டித் தப்பியிருக்கிறான். வாசல்படியில் உட்கார்ந்தேன். அவர் வண்டி முற்றத்தில் வந்து நிற்கும்வரை எழுந்திருக்கத் தோன்றவில்லை.