ஆறு போன பிறகு

தங்கை பவுனம்மாள் வீட்டுக்குப் போக வீரம்மாவுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயிலை விட்டு இறங்கி, ஆற்றை வலக்கைப் பக்கம் வைத்து நடந்தால் செங்கல் சூளை, அதைத் தாண்டினால் மாட்டுக்கொட்டகை, அடுத்து இருவரும் பிறந்து வளர்ந்த வீடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன் என்று புருஷனிடம் அளந்துவிட்டுத்தான் காப்பார் ரப்பர் தோட்டத்திலிருந்து கிளம்பியிருந்தாள்.

அங்கே வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு தங்கையைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. இருவருக்குமே எழுதப் படிக்கத் தெரியாது. இருக்கிறாளா, வெள்ளத்தோடு போய்விட்டாளா என்று நினைத்து நினைத்தே வீரம்மாவுக்குப் பாதி உயிர் போயிருந்தது. கங்காணியிடம் லீவு கேட்டு நாக்குத் தேய்ந்து, பல வருஷம் கழித்து இன்றுதான் கிடைத்தது.

ஆறு இருந்தது. ஆனால் அடி வாங்கிய பிள்ளை மாதிரி வளையாமல் நெளியாமல் நேரே ஓடிக்கொண்டிருந்தது. சூளையைக் காணோம், கொட்டகையைக் காணோம். வெயில் ஏறும்வரை கரையோரமாகப் போனாள், வந்தாள். பாழாய்ப்போன ஆறு, என் தங்கச்சியை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் போகிறதே! நடுத்தெருவில் நின்று வாய்விட்டு அழுதாள்.

குடையோடு போன ரயில்வே கிளார்க் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், நின்றுவிட்டார்.

“ஏன் பிள்ளை அழுகிறாய்?”

விஷயத்தைக் கேட்டதும் தலையாட்டினார். “இது புது ஆறு. வெள்ளத்துக்குப் பிறகு வெட்டினது. அந்த மேட்டில ஏறிப் பார், பழசு எங்க ஓடினதெண்டு தெரியும்.”

மூச்சிரைக்க ஏறினாள். கீழே, மேட்டு வீடுகளுக்குப் பின்னால், வளைந்து வளைந்து போனது புல் மண்டிய ஒரு பள்ளம். அட, அந்த முடக்கை அவளுக்குத் தெரியாதா! அங்கேதான் அம்மா துணி துவைப்பாள். அவளும் பவுனும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மீன் பிடிப்பார்கள். எவ்வளவு சந்தோஷமான நாட்கள் அவை!

ஓட்டமும் நடையுமாக இறங்கி, பள்ளத்தை வலக்கைப் பக்கம் வைத்து நடந்தாள். பழைய துவைகல் தண்ணீரில்லாமல் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒற்றை வீடு. வாசலில் பவுனம்மாள் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள்.

கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்ததும் வீரம்மாவுக்குக் கோபம் வந்தது. “ஊரே மேட்டுப்பக்கம் போயிருச்சு. வெள்ளம் வந்த எடத்துல நீ மட்டும் என்னடி பண்றே, பைத்தியக்காரி?”

பவுனம்மாள் முந்தானையால் அக்காவின் முகத்தைத் துடைத்தாள்.

“நீ ஆத்தைப் பாத்துத்தானேக்கா வருவே? அதுவே போயிருச்சு. நானாவது இருக்க வேணாமா?”