பிரசிடெண்ட் யார் என்று புஷ்பலதாவைக் கேளுங்கள்

எங்கள் ஊரில் இன்று யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை, என் வேலை அப்படி. தறியில் பழைய பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற இழை, முடிந்து புதுப் பாவு ஏறும்போது, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். அதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை எழுந்திருக்க முடியாது. வேலை கைக்குத்தான், வாய் சும்மாதானே இருக்கிறது?

ஆரணிக்கும் முள்ளிப்பட்டுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. பஞ்சாயத்து எலெக்‌ஷன் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதுமே போகிற வீட்டிலெல்லாம் ஒரே கேள்வி.

“புஷ்பா, பிரசிடெண்ட்டுக்கு யாரு நிக்கறாங்க?”

போன தடவை நான் சொன்ன ஆள்தான் ஜெயித்தார். அதிலிருந்து என் வாய்க்கு ஒரு மவுசு.

இந்தத் தடவை எங்கள் ஊர்ப் பிரசிடெண்ட் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் டீக்கடை பெஞ்சில் நடக்கிற பேச்சைக் கேட்டால் அப்படித் தெரியாது. “தருமன் நிக்கறாரு”, “ரைஸ்மில்காரரு நிக்கறாரு” என்று ஆம்பளைப் பெயர்களாகவே அடுக்கிக்கொண்டிருந்தார் தேவநேசன் சார். ரிட்டையர் ஆன வாத்தியார், அவருக்குக் காலை பேப்பரை விட எங்கள் ஊர் அரசியல்தான் முக்கியம்.

“இன்னா சார், எல்லாரும் பொடவை கட்டிகினு நிக்கப் போறாங்களா?” என்று கேட்டேவிட்டேன். சார் டீயை வேட்டியில் சிந்திக்கொண்டார்.

என் கணிப்பு காசியம்மாள் அக்கா. தருமன் அண்ணனின் மனைவி. ஊரில் பாதித் தறிகள் தருமன் அண்ணன் கொடுக்கிற பட்டில்தான் ஓடுகின்றன, எங்கள் வீட்டுத் தறியும் சேர்த்து. கொஞ்ச நாளாகவே எந்தச் சாவு வீட்டிலும் முதல் மாலை அவருடையதாக இருந்தது. அது மட்டும் என்றால் சந்தேகம்தான். ஆனால் அக்கா ஆரணிக்குப் போய் ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார்கள், அதுவும் காட்டன் புடவையில். பட்டு முதலாளி பெண்டாட்டி காட்டன் கட்டிக்கொண்டு எதற்குப் போட்டோ எடுப்பாள்? போஸ்டருக்குத்தான். இதை நான் கண்டுபிடித்து வீட்டுக்கு வீடு சொன்னேன். உங்க ஓட்டு யாருக்கு என்றும் அப்படியே கேட்டு வைத்தேன்.

அங்கேதான் வந்தது வினை.

ஒருநாள் அம்மணி வீட்டில் இழை முறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நெளிந்தாள்.

“யக்கா, நீயே நிக்கறதா சொல்றாங்களே, நெசமா?”

என் கையிலிருந்த இழை அறுந்துபோனது. “எவடி சொன்னா?” என்றேன்.

“ஊரே சொல்லுது.”

சிரித்துத் தள்ளிவிட்டு டீக்கடைப் பக்கம் வந்தால், தேவநேசன் சார் எழுந்து நின்று வணக்கம் போட்டார். “வீடு வீடா போயி ஓட்டு யாருக்குன்னு கேட்டுகினு இருந்தியே, அது சும்மாவான்னு எனக்கு அப்பவே டவுட்டும்மா” என்றார். அந்த மனுஷனை என்ன செய்தால் தகும்!

சிரிப்பு அன்று மாலையே போய்விட்டது. எங்கள் தறியில் பாவு முடியப் போகிறது. அடுத்த பாவு கேட்கப் போன என் வீட்டுக்காரரிடம் தருமன் அண்ணன், “பாக்கலாம் குமரேசா” என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. என் வீட்டுக்காரர் அதை என்னிடம் சொல்லிவிட்டுப் பேசாமல் தறியில் குந்திக்கொண்டார். அவர் எப்போதுமே அப்படித்தான், வாயைத் திறக்க வாடகை கேட்பார். பாவு வராவிட்டால் தறி நிற்கும். தருமன் அண்ணன் முகம் சுளித்தால் மற்ற வீடுகளிலும் என்னைக் கூப்பிட யோசிப்பார்கள்.

மறுநாள் நேராகத் தருமன் அண்ணன் வீட்டுக்கே போனேன். அவர் தேவிகாபுரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். அக்கா தராசு முன்னால் உட்கார்ந்து பட்டு நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

“யக்கா, சாமி சத்தியமா நான் நிக்கல. எந்தக் கொள்ளியில போறதோ கெளப்பி வுட்டிருக்குது. கையில கெடைச்சா வகுந்துடுவேன்” என்றேன் வாசலிலிருந்தே.

அக்கா எழுந்து வந்து என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

“கத்தாதடி. அத்தக் கெளப்பினதே நான்தான்.”

“நீயாக்கா? எதுக்கு?” என்றேன்.

“எங்க வூட்டுக்காரரு டெய்லி கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு, பேசு பேசுன்னு உசுர வாங்கறாருடி. மைக்கை நெனச்சாலே கால் நடுங்குது. பேஜாரா பூட்டுச்சு. எதிர்ல ஜெயிக்கற ஆளு நிக்குதுன்னு தெரிஞ்சா பின்வாங்கிடுவாரு, தோக்கறதுன்னா அவருக்கு ஆவாது. யாரு பேரைச் சொன்னா ஊரு நம்பும்னு பார்த்தேன். உன் பேர்தான் வந்துச்சு.”

“அப்போ எங்க வூட்டுப் பாவு இன்னா ஆவறது?”

“இங்க நிறுத்துக் குடுக்கறது யாரு, அவரா? ஒன் வூட்டுக்காரரை நாளைக்கு வரச் சொல்லு. நீ ஜல்தியா கெளம்பு, அவரு வந்துடுவாரு.”

கழுத்துக்கு வந்த கத்தி விலகியது. குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் வழியெல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அம்மணி மாட்டுக்குக் கழுநீர் வைத்துக்கொண்டே கையாட்டினாள், அவள் மேலும் கோபம்தான்.

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “எல்லாம் அக்கா பண்ண வேலை. யாரும் நெசமா என்னை நினைக்கல” என்று முடித்தேன்.

அவர் தறியை நிறுத்தினார். “அப்போ நீ நிக்கலியா?”

“அதான் சொல்றேனே.”

“கேட்டவங்ககிட்ட எல்லாம் நான் ஆமான்னு சொல்லிட்டேனே.”

“யாரைக் கேட்டுச் சொன்னீங்க?”

“நீ மனசுல வெச்சிகினு எங்கிட்ட சொல்லாம இருக்கேன்னு நெனச்சேன். எல்லாரும் நல்லதுன்னாங்க. எனக்கும் நல்லதாத்தான் பட்டுச்சு.”

“தருமண்ணன் பாவை நிறுத்திட்டா?”

“ஆரணியில வேற மொதலாளியே இல்லையா? நமக்கு இன்னா, கை இல்லையா?”

கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனுஷன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஊரில் யார் யாரையோ நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தேன், என் பேர் மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்தவர்கள் சொன்னபோது சிரித்தேன். பொய் என்று தெரிந்தபோதுதான் வலித்தது. எனக்கு ஆசை இருந்தது, அவ்வளவுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

“யக்கா, நான் நெசமாவே நிக்கறேன்.”

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

“அப்போ என் ஓட்டு உனக்குத்தாண்டி. எதிர்ல நானே நின்னாலும்.”