தொட்டில் போர்வை செட்

சிறுவாச்சூரில் ஒரு தாய் துணிக்கிளியைப் போர்வையில் வைத்துத் தைத்தால், ரஞ்சன்குடியில் கட்டிலில் கிடக்கும் கிழவர் அமாவாசையின் உடம்பில் ஊசி இறங்கும். பெரம்பலூர் தனி மாவட்டமான 1995இல் தொடங்கியது இது. டாக்டர் வந்து பார்த்தார், களிம்பு எழுதிக் கொடுத்தார், போய்விட்டார்.

எல்லாம் அமாவாசையின் மருமகள் பரிமளாவின் வியாபாரத்தால் வந்தது. பிறந்த பிள்ளையின் மேல் புதுத்துணி படக்கூடாது, நெடுங்காலம் வாழ்ந்தவர் உடுத்திய பழந்துணிதான் முதலில் படவேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். மாமனாருக்கோ தொண்ணூறு தாண்டியும் பல்கூட விழவில்லை. புருஷனை இழந்து நின்ற பரிமளா அவருடைய வேட்டிகளைச் சாயத்தில் முக்கி, கிளியும் மாங்காயும் யானையுமாக வெட்டினாள். அடித்துணி, நூல், ஊசியோடு பொட்டலம் கட்டி, ‘தொட்டில் போர்வை செட்’ என்று பேர் வைத்து, காளி கோயில் நடை திறக்கும் திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூரில் கடை பரப்பினாள். தையலை மட்டும் பெற்றவளே போடவேண்டும். அந்தப் போர்வையில் கிடந்த பிள்ளை ஒன்றுகூடச் சாகவில்லை. ஊருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? லப்பைக்குடிக்காட்டு சுல்தானா மொத்தமாக வாங்கித் துபாய்க்குக்கூட அனுப்பினாள். அங்கே யாரோ ஊசி எடுத்தால் இங்கே கிழவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு நெளிந்தார்.

சாகவும் முடியவில்லை. 2001இல் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, அடுத்த வருஷமே திரும்பச் சேர்த்தார்கள். அதற்குள் அமாவாசையின் உயிர் இரண்டு முறை தொண்டைவரை வந்து, தையல் இழுத்துப் பிடித்ததால் உள்ளே போய்விட்டது. பரிமளா கெட்டவள் இல்லை. வேட்டி சீக்கிரம் பழசாகட்டும் என்று தினமும் மூன்று வேட்டி மாற்றிவிட்டாள், அவ்வளவுதான். படுக்கைப்புண்ணோடு புரட்டும்போது அவர் கெஞ்சுவார். “என்ன வுட்டுடு தாயி.”

“இந்த வாரம் மட்டும் பொறுத்துக்குங்க மாமா,” என்பாள். எல்லா வாரமும் அதைத்தான் சொன்னாள்.

அவர்மேல் இரக்கப்பட்டது பேத்தி பிரவீணா ஒருத்திதான். அந்த இரக்கத்தால் தன் முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் ஜவுளிக்கடைப் புதுத்துணியே போட்டாள். இரண்டும் தங்கவில்லை. 2006இல் மூன்றாவது பிறந்தபோது கிழவரே இடுப்பு வேட்டியை அவிழ்த்து நீட்டினார்.

“தையி ஆயி. அப்பறம் எல்லார் வூட்டுலயும் போயி தையலப் பிரிக்கச் சொல்லு. நான் போயிடறேன்.”

அவர் வாயில் துண்டைக் கடித்துக்கொள்ள, அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே தைத்தாள். பிள்ளை பிழைத்தது.

தாத்தா சொன்னதைச் செய்யத்தான் கிளம்பினாள். பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறார்கள், இனிப் போர்வை எதற்கு என்று வீடுவீடாகக் கேட்டாள். கீழப்பழுவூரில் மலர்கொடி மோர் கொடுத்து உபசரித்து, போர்வையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சுல்தானா கையைப் பிடித்துக்கொண்டாள். “பெரியவருக்காக துஆ செய்யறேம்மா. எங்க அத்னான் போர்வைய மட்டும் தொடச் சொல்லாத.” யாரும் கோபப்படவில்லை, ஒருவரும் பிரிக்கவும் இல்லை.

வீடு திரும்பிய பிரவீணா, தன் பிள்ளையின் போர்வையையாவது பிரிப்போம் என்று பிளேடை எடுத்தாள். கிளியின் வாலில் ஒரு தையலை அறுத்ததும், வருஷக்கணக்காக மடங்கிக் கிடந்த காலைத் தாத்தா நீட்டினார். அவர் முகம் தெளிந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அப்போது பிள்ளை தும்மியது. ஒரே ஒரு தும்மல்தான். பிரவீணா ஊசியில் நூலைக் கோத்து அந்தத் தையலைத் திரும்பப் போட்டாள், முன்னைவிட இறுக்கமாக.

கால் மடங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, “எத்தன வூட்ல பிரிச்சாங்க ஆயி?” என்று கேட்டார்.

“நெறைய வூட்ல தாத்தா. இன்னும் கொஞ்சந்தான் பாக்கி.”

குத்தியது யார் கை என்று அவருக்குத் தெரியும். “அதான் ஒடம்பு லேசா இருக்கு,” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பரிமளாவுக்குக் காய்ச்சல். கடைக்குப் பிரவீணா போனாள். கொண்டுபோன செட் எல்லாம் மத்தியானத்துக்குள் விற்றுவிட்டது.