கடனே வாங்காத ஜெபசிங்

முப்பத்தொன்பது வயசு வரைக்கும் நான் யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை. இதை நான் சொல்லாத இடம் கிடையாது. சர்ச் வாசலில் சொல்வேன், டீக்கடையில் சொல்வேன், பொத்தேரியில் நான் சமைக்கிற ஹாஸ்டல் மெஸ்ஸில் வெங்காயம் நறுக்குகிறவர்களை உட்காரவைத்துச் சொல்வேன். "ஆரம்பிச்சிட்டாருடா" என்று அவர்கள் முணுமுணுப்பது என் காதிலும் விழும். விழட்டுமே, எனக்கென்ன.

அப்படிப்பட்ட நான் பேங்க் படி ஏறினேன் என்றால் காரணம் ஒரு கடை. திருவிடந்தையில், கோயிலுக்குத் திரும்புகிற இடத்தில், ஈசிஆர் ரோட்டைப் பார்த்தபடி ஒரு டிபன் கடை காலியானது. கல்யாணம் கூடவேண்டும் என்று மாலையோடு கோயில் சுற்ற வருகிறவர்கள் விடிகாலையில் கிளம்பிப் பசியோடு வருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் மெட்ராஸிலிருந்து பைக்கில் வரும் பையன்கள் வேறு. ஊரான் அடுப்பில் அண்டா அண்டாவாகப் பொங்கல் கிண்டியே கை ஓய்ந்துவிட்டது, நமக்கென்று ஒரு கல்லில் நாலு தோசை ஊற்றக்கூடாதா என்று எனக்கு ஒரே ஏக்கம். கடைக்குச் சொந்தக்காரர் ஸ்ரீனிவாசராகவன், ரிட்டையரான வாத்தியார். அட்வான்ஸ் ஒரு லட்சம் கேட்டார். என்னிடம் நாற்பதாயிரம் இருந்தது.

"அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன்ப்பா. ஒரு ஜூஸ் கடைக்காரன் தினம் போன் பண்ணிண்டே இருக்கான்" என்றார்.

செங்கல்பட்டில் முதல் பேங்கில் சம்பள சிலிப் கேட்டார்கள். எங்கள் காண்ட்ராக்டர் சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுப்பவர். சிலிப் என்றால் அவருக்குக் காய்கறிக் கடை சிலிப் ஒன்றுதான் தெரியும். இரண்டாவது பேங்கில் ஏசி நன்றாக இருந்தது. அதிதி என்று ஒரு பெண், என் பான் கார்டு நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள்.

"சார், உங்களுக்கு கிரெடிட் ஸ்கோரே இல்லையே."

"கம்மியா கீதுங்களாம்மா?"

"கம்மி இல்ல சார். இல்லவே இல்ல. நீங்க இதுவரைக்கும் லோன் எதுவும் வாங்கினதில்லையா?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒரு ரூவா வாங்கினதில்ல" என்றேன்.

"அதான் சார் பிரச்சனையே. வாங்கித் திருப்பிக் கட்டியிருந்தாதான் நீங்க எப்படிப்பட்டவர்னு எங்களுக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குடிக்காதவனைப் பார்த்து, நீ குடித்து நிறுத்திக் காட்டு, அப்புறம் நம்புகிறேன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? பாவம், அந்தப் பெண் மேல் தப்பில்லை. என்னை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள்.

மெஸ்ஸில் கூட வேலை செய்யும் கிருபாகரன் அடுத்த யோசனையோடு வந்தான். "மச்சான், போன்ல ஆப் ஒண்ணு கீது. அஞ்சு நிமிசத்துல டப்பு வந்துரும்." அந்த ஆப்பில் பணம் வாங்கிய அவன் மச்சினன் ஒரு தவணை தவறியதும், அவன் போனில் இருந்த அத்தனை நம்பருக்கும் திருட்டுப் பயல் என்று மெசேஜ் போன கதையையும் அவனே சொன்னான். இல்லையென்றால் தண்டல்காரர் இருக்கிறாராம். பத்தாயிரம் கேட்டால் எட்டாயிரத்து ஐநூறு தருவாராம், நூறு நாளில் பத்தாயிரமாக வசூலிப்பாராம். கிருபாகரன் நல்லவன்தான். யோசனைதான் இந்த லட்சணம்.

அன்றைக்குத் திருக்கழுக்குன்றத்தில் வீட்டுக்கு வந்து பேங்க்கையும் ஆப்பையும் தண்டலையும் சேர்த்து வைத்துத் திட்டித் தீர்த்தேன். என் பெண்சாதி ரூத் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்கிறவள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "எங்க குழுவுல கேக்கலாமா?" என்றாள். "நூத்துக்கு ஒரு ரூவா வட்டி. ஆனா பெரிய தொகைன்னா புருசனும் வந்து குழு முன்னாடி உக்காரணும். அவங்க கேக்குறதுக்குப் பதில் சொல்லணும்."

மகளிர் குழு என்றால் மாதம் ஒரு தடவை கூடி போட்டோ எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர்கள் என்னைக் கேள்வி கேட்பதா? ஆனால் ஜூஸ் கடைக்காரன் நினைப்பு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கூட்டம் அங்கன்வாடியில். பன்னிரண்டு பெண்கள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆம்பளை ஆயிற்றே என்று மரியாதைக்கு எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். மூன்று வயசுப் பிள்ளைகள் உட்காருகிற, கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி. எப்படியோ உடம்பைத் திணித்து உட்கார்ந்தேன். முழங்கால் முகத்துக்கு வந்தது.

குழுத் தலைவி சந்திரம்மா, மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருப்பவர். "சொல்லு ஜெபசிங்கு. உனக்கு எத நம்பித் துட்டு குடுக்கிறது?" என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "யக்கா, என் ஆயுசுல நான் யாராண்டையும் கடன் வாங்கினதே இல்ல."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்தாள். அப்புறம் பன்னிரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சுவரில் மாட்டியிருந்த பழங்கள் படம் ஆடியது. இல்லை, பதினொரு பேர். ரூத் மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"உங்க வூட்ல ஃபிரிட்ஜ் கீதே, அது எப்பிடி வந்துச்சு?" என்றார் சந்திரம்மா.

"ரிசார்ட்ல ரூத்துக்கு போனஸ் குடுத்தாங்க."

"உன் புள்ள ஜோஷ்வாவ ஸ்கூல்ல சேர்த்தது?"

"பாதிரியார் சொல்லி பீஸைக் குறைச்சாங்க."

"உங்கம்மா கண் ஆபரேஷன்?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரி. ஃப்ரீ."

"ஆபரேஷன் ஃப்ரீதான் நைனா. ஆட்டோ, மருந்து, கண்ணாடி, பதினஞ்சு நாள் ரூத்துக்கு சம்பளம் இல்லாதது, அதெல்லாம்?" சந்திரம்மா சிரிப்பில் நீர் வந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் நம்ம குழுக் கடன்தான்பா. உன் பொண்டாட்டி ஒரு தவணை கூட விட்டதில்ல."

என் காது சூடாகிவிட்டது. கடனே இல்லாமல் குடும்பம் நடக்கிறது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன் நான். இவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. சந்திரம்மா, "வூட்டோட யோக்கியதை நமக்குத் தெரியும், குடுத்துரலாமா?" என்று கேட்டபோது ரோகிணி கையை நீட்டித் தடுத்தாள். தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறவள், ரூத்துக்கு நெருங்கிய சிநேகிதி.

"நான் ஒத்துக்க மாட்டேன். முன்னாடி கட்டினது ரூத்து. அதப் பார்த்து இவருக்குக் குடுத்தா எப்பிடி? இவர் கட்டலன்னா நாம பன்னெண்டு பேரும் கட்டணும். இந்தாளுக்குக் கடன் கட்டுறதப் பத்தி இன்னா தெரியும்?"

போதும்டா சாமி என்று விருட்டென்று எழுந்தேன். நாற்காலியும் கூடவே எழுந்தது. இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தேன், இடுப்பை விடவில்லை. சிரித்து ஓய்ந்தவர்களும் மறுபடி சிரித்தார்கள். ரூத்தும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததும் என் வீம்பு எங்கே போனதோ, அப்படியே மறுபடி உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன் ரோகிணியிடம். "தோசை ஊத்தத் தெரியும். கடை ஓடும்னு நெனக்கிறேன். ஓடலன்னா மறுபடியும் மெஸ்ஸுக்குப் போயாவது கட்டுவேன். அவ்ளோதான்."

ரோகிணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. ஆனா ஒண்ணு. தவணைய ரூத்து கொண்டாரக் கூடாது. ரூத்து சம்பாத்தியத்துலருந்தும் வரக் கூடாது. மாசா மாசம் நீயே வந்து, இதே சேர்ல குந்தி, உன் கையால கட்டணும்."

எல்லாரும் கையைத் தூக்கினார்கள்.

இரண்டு பேரும் பைக்கில் வீட்டுக்குத் திரும்பினோம். சங்கு தீர்த்தக் குளத்தைத் தாண்டும்போது, "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ சோறு துன்ன மாட்ட, தூங்க மாட்ட. எனக்கு அது வேற பேஜாரு."

"எப்பிடிக் கட்டின?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ தூங்குவல்ல, அப்ப ரோகிணி வூட்டுக்குப் போவேனே, கதை பேசவா? ரவிக்கைக்கு ஹூக் வெச்சுக்கினு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுத்தோம். கடை திறந்து மூன்று வாரம் ஆகிறது. பொங்கல் பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகிறது, வாத்தியாரே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுகிறார். அடுத்த சனிக்கிழமை முதல் தவணை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து சாப்பிட்டேன், படுத்தேன், புரண்டேன், எழுந்தேன். கேஸ் விலை, அரிசி விலை, மழை வந்தால் என்ன செய்வது என்று மண்டைக்குள் ஒரே கணக்கு. பக்கத்தில் ரூத் பாயில் காலை நீட்டி, வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு சத்தமாகக் குறட்டை விடுவாள் என்பதே எனக்கு நேற்றுதான் தெரியும். ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி கணக்குப் போட ஆரம்பித்தேன்.