அழித்த வரியில் இருந்த ஆள்

1

நான் எழுத உட்கார்ந்தது ஒரு பாடம். அது கதையாகிப்போனதற்குச் சுகன்யாதான் காரணம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு கணினிப் புத்தகம் தயாராகிறது. அதில் தரவுத்தள வடிவமைப்பு என்ற அத்தியாயத்தை என்னிடம் கொடுத்திருந்தார்கள். ‘ஒரு தகவல் ஓர் இடத்தில் மட்டுமே இருக்க வேண்டும். அதே தகவல் ஒன்பது இடங்களில் இருந்தால்’ என்று தொடங்கினேன். அந்த வாக்கியம் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. உதாரணம் என்று யோசித்தால் எல்லாப் புத்தகத்திலும் வருவதே வந்தது: மாணவர் பெயர், பாடம், ஆசிரியர் பெயர். அந்த மாணவருக்கு எந்தப் புத்தகத்திலும் நல்லதோ கெட்டதோ நடந்ததில்லை.

சுகன்யாவுக்குப் போன் செய்தேன். ஆரணியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் என்னோடு பாடம் எடுத்தவள். இப்போது ஒரு பட்டுச்சேலைக் கடையில் ஆன்லைன் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். நல்ல உதாரணம் ஒன்று வேண்டும் என்றேன்.

"எங்கிட்ட இருக்கறது உதாரணம் இல்ல சார். நான் பண்ண தப்பு. பரவால்லியா?"

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘காமண்டல நாகநதியில் தண்ணீரே இல்லாத ஒரு வைகாசியில்,’ [நதிக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: ‘சுகன்யா அந்த வரிகளை அழித்தபோது அவள் கை நடுங்கியது.’ [பொய். நடுங்கவில்லை. டீ குடித்துக்கொண்டே அழித்ததாக அவளே சொன்னாள்.]

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: வேணுகோபாலிடம் ஓர் எக்செல் ஷீட் இருந்தது.

வேணுகோபால் ஆரணியில் பட்டு வியாபாரி. வயது ஐம்பத்தைந்து. மனைவியின் ஆபரேஷனுக்காக ஒருமுறை ரத்தம் தேடி அலைந்தவர், அதன் பிறகு ரத்தம் கொடுப்பவர்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்கினார். பட்டியலைப் பராமரித்தது அவர் கடையில் வேலை பார்க்கும் சுகன்யா. யாராவது ரத்தம் கொடுத்தால் ஷீட்டில் ஒரு வரி சேர்ப்பாள்: பெயர், ரத்த வகை, போன் நம்பர், ஊர், கொடுத்த தேதி, மருத்துவமனை. ஒன்பது முறை கொடுத்தவருக்கு ஒன்பது வரி. அவருடைய போன் நம்பரும் ஒன்பது முறை.

நான்கு வருடத்தில் ஷீட் நீண்டுவிட்டது. "தொறந்தாலே ஹேங் ஆவும் சார். ஒரே பேஜார்." பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து, மூன்று வருடத்துக்கு முந்தைய வரிகளை எல்லாம் அழித்தாள். பழைய தேதிகளை அழிக்கிறோம் என்றுதான் நினைத்தாள். அந்த வரிகளில் ஒன்று களம்பூர்க்காரர் ஒருவருடையது. அவர் ஒரே ஒரு முறைதான் கொடுத்திருந்தார். தேதியோடு சேர்ந்து ஆளும் போய்விட்டார்.

* பாடப்புத்தகத்தில் இதற்கு ‘நீக்கல் முரண்’ என்று எழுதியிருந்தேன். சுகன்யாவிடம் வாசித்துக் காட்டினேன். "அவருக்கு ஒரு பேர் இருக்கு சார், அன்பரசு" என்றாள்.

3

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. மணவாளன் என்பவர் ஆரணி ஆஸ்பத்திரியிலிருந்து வேணுகோபாலுக்குப் போன் செய்தார். அவருடைய மனைவி அமலாவுக்கு நிறைமாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தது. உடம்பில் ரத்தமும் குறைவு. சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும், இரண்டு யூனிட் ஓ நெகட்டிவ் கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலூரிலிருந்து ஒரு யூனிட் வருகிறது. இன்னொன்று?

சுகன்யா ஷீட்டைத் திறந்து ஓ நெகட்டிவை வடிகட்டினாள். இரண்டே பெயர்கள்.

ஒருவர் சுப்பராயலு. அழைத்தாள், அந்த எண் உபயோகத்தில் இல்லை. அவர் நம்பர் மாற்றியதைச் சொல்லியிருந்தார், அவளும் மாற்றியிருந்தாள், ஒரே ஒரு வரியில். மற்ற வரிகளில் பழைய நம்பரே இருந்தது. கீழே தேடி, புது நம்பரைக் கண்டுபிடித்துப் பேசுவதற்குள் அரை மணி நேரம் போனது.

"இருபது நாளு முன்னாடிதாம்மா வேலூர்ல குடுத்தேன். இப்ப எடுக்க மாட்டாங்களே" என்றார் சுப்பராயலு.

இன்னொருவர் தேவிகாபுரத்துச் சரவணன். போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறி வந்தார். பரிசோதித்தார்கள். ஓ பாசிட்டிவ்.

"நான் எப்பவுமே பாசிட்டிவ்தாம்மா. சொல்லிகினுதானே இருக்கேன்?"

தேவிகாபுரத்தில் இரண்டு சரவணன்கள். ஒருவருடைய ரத்த வகை இன்னொருவர் வரியில் ஏறியிருந்தது. நெகட்டிவ் சரவணன் பெங்களூரில் இருந்தார்.

மணி பன்னிரண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் மணவாளன் இவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் சுகன்யாவுக்குப் பொங்கல் விடுமுறை நினைவுக்கு வந்தது. அழித்த வரி ஒன்றில் ஓ என்ற எழுத்து, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, களம்பூர்.

[இந்த இடத்தில் அவள் மனநிலையை ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். அவள் சொன்னதே போதும்: "வாயெல்லாம் காஞ்சி போச்சு சார்."]

வேணுகோபாலைத் தனியே கூப்பிட்டாள்.

"இன்னொருத்தர் இருந்தாருங்க. களம்பூர். நான்தான் அழிச்சிட்டேன்."

"பேரு?"

"தெரியலீங்க."

அவர் திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "உடம்பெல்லாம் உமித்தூசியோட ஒருத்தர் வந்தாரு. குடுத்துட்டு டீ கூட குடிக்காம ஓடுனாரு, லோடு நிக்குதுன்னு. அவர்தானா பாரு. ஏறு வண்டியில, ஜல்தி."

4

களம்பூரில் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. ஸ்கூட்டரை ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தி, மூன்று வருடத்துக்கு முன் ஆரணியில் ரத்தம் கொடுத்த லாரி டிரைவர் யார் என்று கேட்டார்கள். முதல் ஆலையில் சிரித்தார்கள். இரண்டாவதில் வாட்ச்மேன் உள்ளேயே விடவில்லை. நான்காவதில் கணக்குப்பிள்ளை காத்தவராயன் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்பரசுவா? இப்பத்தான் வண்டி கெளம்பிச்சு. எடை மேடையில நிக்கும், ஓடுங்க."

லாரி எடை மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சுகன்யா அதன் முன்னால் போய் நின்றுவிட்டாள். டிரைவர் எட்டிப் பார்த்து ஏதோ திட்ட வாயெடுத்தவர், பின்னால் வேணுகோபாலைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்தார். நாற்பது வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டதும் சாவியை எடுத்துக் கிளீனரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்.

ஸ்கூட்டரில் மூன்று பேராக ஆரணிக்குத் திரும்பும் வழியில் அன்பரசு கேட்டார்.

"ஏம்மா, மூணு வருசமா ஒரு போன் கூட பண்ணலியே? எல்லாரையும் கூப்புட்றாங்க, நம்மள மட்டும் கூப்புடலியே, நம்ம ரத்தம் ஆவாது போலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

சுகன்யா அவருடைய நம்பரைக் கேட்டுத் தன் போனில் பதிந்துகொண்டாள்.

ஒன்றரை மணிக்கு அன்பரசு ரத்தம் கொடுத்தார். மாலை ஆறு மணிக்குப் பெண் குழந்தை. அமலா கண் விழித்து முதலில் தண்ணீர் கேட்டார்.

5

என் அசல் திட்டத்தில் வேணுகோபால்தான் முட்டுக்கட்டை. புதியதை ஏற்காத மனிதர் ஒருவர் இருந்தால் கதைக்கு வசதி. உண்மையிலேயே அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில், விரித்த ஜமக்காளத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, சுகன்யா அந்த ஷீட்டை மூன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். முதல் அட்டவணையில் ஆட்கள் மட்டும்: ஒருவருக்கு ஒரே வரி, போன் நம்பர் ஒரே இடத்தில். இரண்டாவதில் ரத்தம் கொடுத்த தேதிகள். மூன்றாவதில் மருத்துவமனைகள். ஆளுக்கு ஒரு நம்பர். தேதிப் பட்டியலில் பெயர் கிடையாது, அந்த நம்பர் மட்டும்தான்.

"ஒரே பார்வையில எல்லாம் தெரிஞ்சுது. அத கிழிச்சி மூணா போட்டுகினு இருக்கியே?"

"கிழிக்கலீங்க. நம்பர வெச்சி எப்ப வேணா சேத்துப் பாக்கலாம்."

"மனுசனுக்குப் போயி நம்பரா?"

"தேவிகாபுரத்துல ரெண்டு சரவணன் இருக்காங்களே?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்பரசு குடுத்த தேதிய அழி, பாக்கலாம்."

அழித்தாள். இருந்ததே அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி ஒன்றுதான். முதல் அட்டவணைக்குப் போனாள். அன்பரசு, ஓ நெகட்டிவ், களம்பூர், போன் நம்பர்.

"இருக்காரு" என்றார் வேணுகோபால். "சரி, தேதியத் திரும்பப் போடு. எல்லாரையும் இப்பிடியே மாத்திடு. நான் பேர் படிக்கறேன், நீ அடி."

[முட்டுக்கட்டை இவ்வளவு சீக்கிரம் விலகினால் கதை தளர்ந்துவிடும் என்று எனக்குக் கவலை. இன்னும் இரண்டு பக்கம் அவரை அடம்பிடிக்க வைக்க முயன்றேன். அவர் கேட்கவில்லை, பெயர்களைப் படித்துக்கொண்டே இருந்தார்.]

எல்லாம் முடிந்ததும் சுகன்யா அன்பரசுவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். உங்கள் ரத்தத்தில் குறை இல்லை, என் ஷீட்டில்தான் குறை என்றாள். "அட, இதுக்காம்மா இவ்ளோ?" என்றார் அவர். ஆனால் போனை வைக்காமல், ஊரில் யார் யார் கொடுக்க வருவார்கள் என்று கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிச் சேர்ந்தவர்கள் பதினோரு பேர்.

6

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் ஆனி மாதத்தில் அமலா குழந்தையோடு வேணுகோபால் கடைக்கு வந்தார். தன் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"பால் குடுக்கறீங்களேக்கா, இப்ப எடுக்க மாட்டாங்க" என்றாள் சுகன்யா.

"தெரியும். டாக்டரும் சொன்னாங்க. ஒண்ணுமே குடுக்காம பேர மட்டும் எழுதலாமா?"

பழைய ஷீட்டில் முடியாது. ரத்தம் கொடுத்த தேதி இல்லாமல் அதில் ஒரு வரியைச் சேர்க்க வழியே இல்லை. கொடுத்தவர்தான் ஆள். புதியதில் அப்படி இல்லை. கொடுப்பதற்கு முன்பே ஒருவர் இருக்கலாம்.

"எழுதலாம்க்கா" என்று சொல்லி அடித்தாள். நம்பர் 413. அமலா திரையில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கி அதற்கும் காட்டினார்.

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், இரண்டு வருடம் கழித்து ஒரு விபத்து, அன்பரசுவுக்கே அமலாவின் ரத்தம் ஏறுகிறது. கணக்கு மிகச் சரியாகப் பொருந்தியது, அதனாலேயே பிடிக்கவில்லை. தவிர, அன்பரசுவை லாரிக்கு அடியில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றில், அமலா சென்னைக்குக் குடிபோய் அங்கே யாரோ முன்பின் தெரியாதவருக்கு, [முடிக்கவில்லை.]

இப்போதைய நிலவரம் இவ்வளவுதான். முதல் அட்டவணையில் 413 இருக்கிறது. இரண்டாவதில் அந்த நம்பருக்கு ஒரு வரியும் இல்லை. தேதி, ஊர், யாருக்கு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்த வரியை எழுதுகிறவர் நீங்களாக இருங்கள். அவசரம் ஒன்றும் இல்லை, குழந்தைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.