கை சும்மா இருக்கட்டும்

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான் குடைச்சல். எதிரே மேஜைமேல் பழைய கணினி அணைந்து கிடந்தது. தொலைபேசியில் ரிப்பேர்க்கார அக்கா சொன்னது இவ்வளவுதான்: "உடனே ஆஃப் பண்ணுங்க. நான் வர்ற வரைக்கும் ஆன் பண்ணவே கூடாது. சரியாயிடுச்சான்னு பாக்கறதுக்குக்கூட." அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்கு எப்படித் தோன்றியது என்று அவனுக்கு ஆச்சரியம். சரியாகிவிட்டதா என்று பார்க்கத்தான் அவன் விரல் அந்நேரம் பொத்தானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

குடைச்சல் என்பது வீட்டார் வைத்த பெயர். பிறந்ததிலிருந்து சும்மா இருக்கத் தெரியாத கை அவனுடையது. ஓடுகிற கடிகாரத்தைத் திறந்து பார்ப்பான். ஒழுகாத குழாயை இறுக்கி ஒழுக வைப்பான். போன வேலைகளிலெல்லாம் அவனைப் பற்றி ஒரே பேச்சு: ஆள் கெட்டிக்காரன், ஆனால் கைக்கெட்டுகிற தூரத்தில் எதையும் வைக்க முடியாது. கடைசி வேலையும் போய் அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தபோது, "தண்டச் சோறுன்னு யாரும் சொல்ல வேணாம், கம்ப்யூட்டரை இனிமே நீதான் பாத்துக்கணும்" என்று மரியாதையாக ஒரு பொறுப்பைக் கொடுத்தவள் அண்ணி. அந்த மரியாதையில்தான் இப்போது மண் விழுந்திருந்தது.

வீட்டின் முன்னறையே பட்டறை. அண்ணி புத்தகங்களைப் பிரெயிலில் தட்டச்சு செய்வாள். சுவரோரம் நிற்கும் இயந்திரம் தடித்த தாளில் டகடகவென்று புள்ளி குத்தித் தள்ளும். அது அந்தப் பழைய கணினியோடு மட்டும்தான் ஒத்துப்போகும், புதுக் கணினி எதையும் மதிக்காது. பிறவியிலிருந்தே பார்வையில்லாத அண்ணன் ஒவ்வொரு தாளையும் விரலால் படித்துப் பிழை பார்ப்பார். விரல் நிற்காமல் ஓடினால் பக்கம் சுத்தம். ஒரு வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போனால் இரண்டில் ஒன்று: பிழை இருக்கிறது, அல்லது அந்த வரி அவருக்குப் பிடித்துவிட்டது. எலும்பும் தசையும் பற்றிய பாடப்புத்தகத்தில் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டான். "நல்லா சொன்னா எலும்பும் இனிக்கும்டா" என்றார்.

அந்தப் பாடப்புத்தகத்தைத்தான் காணவில்லை. பிசியோதெரபி படிக்கும் பார்வையற்ற மாணவர்களுக்காக அண்ணி இரண்டு வருஷமாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள். முதல் இரண்டு பாகங்கள் அச்சாகி அவர்களுடைய விடுதிக்குப் போய்விட்டன. மிச்சம் முழுக்கக் கணினிக்குள் மட்டும்தான் இருந்தது. பரீட்சை நெருங்குகிறது. அடுத்த பாகம் எப்போது வரும் என்று கேட்டு அங்கிருந்து ஒரு பெண் அடிக்கடி அழைப்பாள். கேட்டுவிட்டு, கேட்டதற்கு மன்னிப்பும் கேட்பாள்.

வினை போன வருஷமே தொடங்கிவிட்டது. கணினியின் வன்வட்டில் இடம் போதவில்லை என்று அண்ணி கவலைப்பட்டபோது, "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று அதைச் சுருக்கிக் கொடுத்தவன் அவன்தான். இருந்த இடம் ஒரே பகலில் இரண்டு மடங்காகத் தெரிந்தது. அண்ணி அசந்துபோனாள். பிரதி எடுத்து வைக்காமல் அந்த வேலையில் இறங்காதீர்கள் என்று ரிப்பேர்க்கார அக்கா சொல்லித்தான் இருந்தாள். அவனும் முயன்றான். தன் புதுக் கணினியில் பயன்படுத்திய வட்டைக் கொண்டுவந்து மாட்டினான். அது புது முறையில் பகுத்து, அதாவது பார்மட் செய்து, வைத்தது; பழசுக்கு ஒன்றும் புரியவில்லை. வட்டு காலியாக இருக்கிறது, புதிதாகப் பகுக்கட்டுமா என்று கேட்டது. அண்ணன் கையில் மையால் அச்சடித்த புத்தகத்தைக் கொடுத்தால் அவருக்கு வெள்ளைத்தாள்தானே, அது மாதிரி. பழசுக்குத் தெரிந்த எளிய முறையில் இன்னொரு வட்டைத் தயார் செய்திருந்தால் முடிந்திருக்கும். அலுப்பான வேலை, அதனால் அவன் செய்யவில்லை.

இன்று காலை மறுபடியும் இடம் போதாமல் போனது. இந்தத் தடவை அடிமட்டம் வரை சுத்தம் செய்துவிடுவது என்று வட்டைத் தவிர்த்து ஒரு பிளாப்பித் தட்டிலிருந்து கணினியைத் தொடங்கினான். உள்ளே அண்ணியின் கோப்பு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அப்போதாவது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். ஒளித்து வைத்த ஒரே ஒரு பெரிய கோப்பு மட்டும், வாயில் நுழையாத பெயரோடு, முக்கால் வட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. எந்தக் காலத்துக் குப்பையோ என்று நினைத்தான். அழிக்கக் கூடாது என்று பூட்டியிருந்தது. பூட்டு என்றால் அவனுக்குத் திறப்பதற்குத்தான். திறந்தான், அழித்தான். கல்யாணம் முடிந்த மண்டபம்போல இடம் விரிந்து கிடந்தது. அந்தச் சந்தோஷத்தில் கணினியில் ஆடும் ஒரு சீட்டாட்டத்தை எடுத்து உள்ளே போட்டான். திரும்பத் தொடங்கியபோது கணினியில் எதுவுமே இல்லை.

வட்டைச் சுருக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பெரிய கோப்புக்குள் மூட்டையாகிவிடும் என்பது அக்கா தொலைபேசியில் சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. மூட்டை கட்டியவனும் அவன், தூக்கி எறிந்தவனும் அவன்.

அண்ணி திட்டியிருந்தால் தேவலை. "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவத் தொடங்கினாள். அந்தச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. குடைச்சல் எழுந்து ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான், மேஜை இழுப்பறையைத் திறந்தான், மூடினான். ஒரு திருகாணி கையில் அகப்பட்டது. அதை உருட்டிக்கொண்டே கணினியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். ஒரே ஒரு தடவை ஆன் பண்ணினால் என்ன? மறுபடியும் கைகளின் மேல் உட்கார்ந்தான். உடனே கால் ஆட ஆரம்பித்தது.

"டேய், காலை ஆட்டாதே" என்றார் மூலையில் பழைய தாள்களைப் படித்துக்கொண்டிருந்த அண்ணன். "தரை அதிர்ந்து பலகை ஆடுது. வரி தப்புது."

ரிப்பேர்க்கார அக்கா மதியத்துக்கு மேல், கடுமையான ஜலதோஷத்தோடு வந்து சேர்ந்தாள். வட்டைக் கழற்றித் தன் கணினியில் மாட்டினாள். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அழிச்சதுக்கு அப்புறம் இதுல எதையாவது போட்டீங்களா?"

பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணி ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

இல்லை என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. சீட்டாட்டத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது. வட்டு பழசு, எப்படியோ கெட்டுப்போனது என்று கதை முடிந்துவிடும்.

"அழிச்சாப் பேர்தான் போகும், பொருள் அங்கேயேதான் கிடக்கும்" என்றாள் அக்கா. "மேல என்ன விழுந்துச்சுன்னு தெரிஞ்சா மிச்சத்தைப் பாத்துப் பாத்து எடுக்கலாம். தெரியலைன்னா எல்லாம் கொழம்பிடும்."

"ஒரு சீட்டாட்டம்" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னான். "சீட்டாட்டம் ஒண்ணு போட்டேன் அண்ணி."

அண்ணி அவனையே பார்த்தாள். மூலையிலிருந்து அண்ணன் கேட்டார்: "ஜெயிச்சியா?"

"ஆடவே இல்லண்ணா."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளை அப்படிப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை.

வெயில் இறங்குகிற வரை அக்கா நிமிரவில்லை. கடைசியில் வேறொரு வட்டைப் பழைய கணினிக்குத் தெரிந்த முறையில் தயார் செய்து, மீட்டதையெல்லாம் அதில் மாற்றி உள்ளே பொருத்தினாள். "இனிமே சுருக்கற ஜோலியே வேணாம் தம்பி. எடம் பத்தலைன்னா இன்னொண்ணு வாங்குங்க." திரையில் மூன்றாம் பாகம், நான்காம் பாகம் என்று எல்லாப் பெயர்களும் வரிசையாக வந்து நின்றன. குடைச்சல் பெருமூச்சு விட்டான்.

"பேரெல்லாம் வந்துடுச்சு" என்றாள் அவள். "ஆனா உங்க சீட்டாட்டம் இதுல எங்கயோ உக்காந்துட்டுத்தான் போயிருக்கு. எந்தப் பக்கம் கெட்டிருக்குன்னு என்னால சொல்ல முடியாது. படிச்சுப் பாத்தாத்தான் தெரியும்." தும்மிக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அண்ணி மூன்றாம் பாகத்தை இயந்திரத்துக்கு அனுப்பினாள். அது செருமிக்கொண்டு டகடகவென்று குத்தத் தொடங்கியது. முதல் தாள் வெளியே வந்து விழுந்தது. அண்ணி அதைத் தொடவில்லை.

"நீயே கொண்டுபோய்க் குடு" என்றாள்.

தாளை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்துப் போனான், புள்ளிகளில் விரல் படாமல். அண்ணன் அதைப் பலகையில் போட்டு, இடது கையால் ஓரத்தைத் தடவி நேராக்கிவிட்டு வலது சுட்டுவிரலை வைத்தார். முதல் வரி ஓடியது. இரண்டாவது ஓடியது. பின்னால் இயந்திரம் அடுத்த தாளைக் குத்திக்கொண்டிருந்தது. குடைச்சல் அசையாமல் நின்றான். கைகள் இரண்டும் அவன் சொல்லாமலே பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

பாதிப் பக்கத்தில் விரல் நின்றது.

அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்தாள். குடைச்சல் அண்ணனின் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. விரல் எழுந்து, அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய், மெதுவாக மறுபடியும் நகரத் தொடங்கியது.